இனிப்பைக் காக்கும் வழி

கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு மாணவி எழுதிய கடிதம் என் மேசை மீது இருக்கிறது. அதன் சாரம் இதுதான்:

"அம்மா, என் தங்கைக்கு இழுப்பு நோய் உண்டு. கடையில் வாங்கும் பழரசங்களிற் சிலவற்றைக் குடித்தால் அவளுக்கு நெஞ்சு இறுகி மூச்சுத் திணறுகிறது. போத்தலின் மேலுள்ள சீட்டை வாசித்துப் பார்த்த வைத்தியர், அதிலுள்ள கந்தகச் சேர்வையை விலக்க வேண்டுமென்று சொன்னார். ஆங்கில நூலொன்றிற் சைடர் என்னும் அப்பிள் பானத்தைப் பற்றிப் படித்தேன். அதனை இனிப்பாக, இரசாயனப் பொருள் எதனையும் இடாமல், நம் வீட்டிலேயே செய்ய முடியுமா? தீபாவளியன்று வீட்டார் அனைவரும் ஒரே பானத்தைக் குடிக்க வேண்டும் என்பது என் ஆசை. அவளுக்கு மட்டும் வெறுந் தண்ணீர் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே இவ்வாரப் பக்கம் முழுவதையும் இவருக்கு ஒதுக்கிவிட்டேன். முடியும் என்பதே என் விடை. ஆனால் எப்படி என்று சொல்லுமுன், எப்படிச் செய்யலாகாது என்பதற்கு எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் சிறுமியாயிருந்தபோது, மார்கழி மாதம் பிறந்தால் எங்கள் கண்டி வீட்டில் அம்மா இஞ்சிப் பியர் செய்வார். இஞ்சியை இடித்துச் சீனியும் தேசிப்புளியும் சேர்த்து, பாண் போடுவதற்கென வாங்கிய மதுவத்தில் ஒரு சிட்டிகை இட்டு, கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பித் தக்கையை நூலால் இறுக்கிக் கட்டிவிடுவார். ஓர் ஆண்டு, "பிள்ளைகளுக்கு இனிப்பாயிருக்கட்டும்" என்று சீனியை வழமையிலும் அதிகமாகப் போட்டார். போத்தல்கள் அடுப்படிக்கு அருகிலுள்ள அறையில், வெதுவெதுப்பான மூலையில் இருந்தன. மூன்றாம் நாள் இரவு துப்பாக்கி வெடித்தது போன்ற ஓசை கேட்டது. என்னவென்று பார்க்க ஓடிய தம்பி அறைக்கதவைத் திறந்த கணத்தில் இரண்டாவது போத்தலும் வெடித்தது. இன்றும் அவன் புருவத்தின் மேல் ஒரு தழும்பு உண்டு. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் ஒரு கண் போயிருக்கும். அதன் பின் அம்மா இஞ்சிப் பியர் செய்ததே இல்லை. "அன்பாற் போட்ட சீனி" என்று மட்டும் எப்போதாவது சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

அம்மா செய்த பிழை யாது? இதனை அறிந்துகொண்டால் சைடரின் இரகசியமும் விளங்கிவிடும்.

சைடர் என்பது அப்பிளைப் பிழிந்தெடுத்த சாறு. ஐரோப்பியர் அதனை நொதிக்கவிட்டு மதுவாக்குவர். அமெரிக்காவிலோ நொதிக்காத புதுச் சாற்றையே "இனிப்புச் சைடர்" என்றும், நொதித்ததைக் "கடுஞ் சைடர்" என்றும் வழங்குவர். பெயர் ஒன்றாயினும் பொருள் இரண்டு. இடையில் நின்று வேலை செய்வது மதுவம் என்னும் நுண்ணுயிர். பழத்தின் தோலிலும் காற்றிலும் பாத்திரத்திலும் அது இருக்கிறது. வெல்லமுள்ள சாறு கிடைத்தவுடன் அதனை உண்டு பெருகுகிறது. வெல்லத்தை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுகிறது. இது உயிரின் தொழிலே என்பதைத் தன் ஆய்வுகளால் நிறுவியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். 1857 ஆம் ஆண்டு முதல் அவர் இத்துறையில் எழுதத் தொடங்கினார்.

மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஒரு லீற்றர் சாற்றில் 4 கிராம் சீனி நொதித்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் வாயு பிறக்கும். கடையில் விற்கும் சோடாப் பானங்களில், ஒரு லீற்றருக்கு மூன்று அல்லது நான்கு லீற்றர் வாயு கரைந்திருக்கும். அதற்கு 12 முதல் 16 கிராம் சீனியே போதும். பிரான்சு நாட்டின் ஷம்பெய்ன் மதுவுக்கு லீற்றருக்குச் சுமார் 24 கிராம் சீனி இட்டு மூடுகிறார்கள். அதனாற் பிறக்கும் அமுக்கம் காற்றமுக்கத்தைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. அதைத் தாங்குவதற்கென்றே அப்போத்தலைத் தடித்த கண்ணாடியாற் செய்கிறார்கள். அவ்வாறாயின், 100 கிராம் சீனியுள்ள பானத்தைச் சாதாரணப் போத்தலில் அடைத்து வெதுவெதுப்பில் வைத்தால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் என்ன ஆயிற்றோ அதுதான் ஆகும்.

எனவே இனிப்பும் மதுவமும் ஒரு போத்தலில் ஒன்றாக நெடுநாள் வாழ இயலாது. ஒன்றில் மதுவம் இனிப்பைத் தின்று தீர்க்கும். அல்லது போத்தலை உடைக்கும். தொழிற்சாலைகள் மதுவத்தை அடக்குவதற்கே பொற்றாசியம் சோபேற்று, சோடியம் பென்சோவேற்று, கந்தகச் சேர்வைகள் ஆகியவற்றை இடுகின்றன. இவை யாவும் நஞ்சென்று நான் சொல்ல மாட்டேன். குறித்த அளவில் இவற்றைச் சட்டம் அனுமதிக்கிறது. பெரும்பாலானோருக்குத் தீங்கு செய்வதுமில்லை. ஆனால் இழுப்பு நோயாளர் சிலருக்குக் கந்தகச் சேர்வை மூச்சை அடைக்கும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. சீட்டில் ஈ-220 முதல் ஈ-228 வரையுள்ள எண்களைக் கண்டால், அவை கந்தகச் சேர்வைகள் என்று அறிந்துகொள்க.

இரசாயனமில்லாமல் மதுவத்தை அடக்கும் கலையை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. கண்டியைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிற் கித்துள் மரம் ஏறுவோரைக் கேட்டால் போதும். கூந்தற்பனை என்று நாம் சொல்லும் அம்மரத்தின் பூந்தண்டைச் சீவி முட்டி கட்டினால் இனிய நீர் துளித்துளியாய் இறங்கும். பொழுது ஏற ஏற அது புளித்துக் கள்ளாகிவிடும். அதனைத் தாமதிக்கச் செய்ய, முட்டியினுள் ஹல் மரத்தின் பட்டைத் துண்டுகளை இடுவது அவர்களுடைய பழைய வழக்கம். முட்டியையும் நாள்தோறும் கழுவி வெப்பங்காட்டுவார்கள். இறக்கிய நீரை வைத்திராமல் உடனே வடித்து அடுப்பேற்றுவார்கள். ஐந்தாறு போத்தல் நீர் சுண்டி ஒரு போத்தல் பாணியாகும். அவ்வளவு செறிந்த இனிப்பில் மதுவம் தலைதூக்க முடியாது. மேலும் சுண்டினாற் கருப்பட்டி. யாழ்ப்பாணத்திற் பனையிலிருந்து கருப்பநீர் இறக்குவோரும், தமிழ்நாட்டிற் பதநீர் இறக்குவோரும் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவுவதும் இதே நோக்கத்துக்காகத்தான்.

கடல் கடந்த பிரான்சிலும் இதற்கொப்பான ஒரு முறை உண்டு. நோர்மண்டி, பிரித்தானி மாநிலங்களிற் சைடர் செய்வோர், குளிர்காலத்தில் அப்பிள் சாற்றை ஆற வைப்பார்கள். பழத்திலுள்ள பெக்ரின் என்னும் பசைப்பொருள் கட்டிபட்டு, கபில நிறத் தொப்பி போல மேலே மிதக்கும். மதுவத்துக்கு வேண்டிய ஊட்டப் பொருள்களிற் பெரும்பகுதியை அது தன்னோடு கொண்டுபோய்விடும். நடுவிலுள்ள தெளிந்த சாற்றை மட்டும் எடுத்து நொதிக்கவிட்டால், மதுவம் பசியால் மெலிந்து, இனிப்பு மீந்திருக்கும்போதே ஓய்ந்துவிடும். அழகிய முறைதான். ஆயினும் அதற்கு மாதக் கணக்கிற் குளிர் வேண்டும். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள நம் கண்டியில் அது கைகூடாது. நமக்குக் கைகொடுப்பவை இரண்டு: தீயும் குளிரூட்டியும்.

இன்னுமொன்றும் சொல்ல வேண்டும். முழுதும் நொதிக்கவிட்டு மதுவாக்குவதும், பின் கிண்ணத்திற் சீனி கலந்து பருகுவதும் மேல்நாட்டார் வழி. நம் நாட்டில் உத்தரவுப் பத்திரமின்றி மதுபானம் ஆக்குவதை 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. பிள்ளைகள் கூடிக் குடிக்கும் பானத்துக்கு அது ஏற்றதுமன்று. ஆகவே அவ்வழியை விட்டுவிடுவோம்.

இனி அடுக்களைக்குப் போவோம்.

முதலாவது, நொதிக்காத இனிப்புச் சைடர். அந்தத் தங்கைக்குரியது இதுதான். ஏனெனில், மதுவம் நொதிக்கும்போது தானும் சிறிதளவு கந்தகச் சேர்வையைப் பிறப்பிக்கிறது. "நான் எதுவும் இடவில்லையே" என்று நாம் நிம்மதியாயிருக்கலாம்; ஆனால் பானத்தில் அது இருக்கும். நொதிக்காத சாற்றில் அந்த ஐயம் இல்லை.

அப்பிள் ஒரு கிலோ, நன்கு பழுத்த பெரிய அன்னாசி ஒன்று, பெருவிரல் அளவு பச்சை இஞ்சி, இரண்டு தேசிக்காய், ஒரு துண்டு கறுவா ஆகியவற்றை எடுத்துக்கொள்க. கண்டிச் சந்தையில் அப்பிள் இறக்குமதிப் பழம். விலையும் ஏறி இறங்கும். அப்பிள் அரிதானால் அன்னாசியை இரண்டாக்கிக்கொள்வதில் தவறில்லை. அடிபட்ட, அழுகிய பழம் மட்டும் கூடாது. தேசிப்புளியைப் பழத்திலிருந்தே பிழிய வேண்டும். போத்தலில் விற்கும் புளிச்சாற்றிற் பெரும்பாலும் நாம் விலக்க விரும்பும் அதே கந்தகச் சேர்வை இருக்கும்.

அப்பிளைத் தேய்த்துக் கழுவி, விதையை நீக்கித் துருவுக. அன்னாசியின் தோலைச் சீவி நறுக்குக. இஞ்சியை இடித்துச் சேர்த்து, யாவற்றையும் வெந்நீரில் அலசிய வெள்ளைத் துணியிலிட்டுப் பிழிக. தேசிப்புளியையும் உடனே சேர்த்தாற் சாறு கறுக்காது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அடியில் மண்டி தங்கியதும் தெளிவை மட்டும் இறுத்துக்கொள்க. தண்ணீர் கலக்க வேண்டாம். புளிப்புக் குறைந்தாற் காக்கும் வலிமையும் குறையும். சீனியும் தேவையில்லை, பழத்தின் இனிப்பே போதும்.

இத்தெளிவைக் கறுவாத் துண்டுடன் எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பேற்றுக. அலுமினியமும் பித்தளையும் புளிப்புக்கு ஆகா. கொதிக்கவிடலாகாது; கொதித்தாற் புதுப்பழ மணம் போய் வெந்த மணம் வந்துவிடும். ஓரங்களிற் சிறு குமிழ்கள் தோன்றி ஆவி எழும் நிலை போதும். வெப்பமானி இருந்தால் 85 பாகை சதமளவு பார்த்துக்கொள்க. கறுவாவை எடுத்துவிட்டு, முன்னரே கொதிநீரில் இட்டெடுத்த கண்ணாடிச் சாடிகளிற் சூட்டோடு நிரப்பி, இறுகும் மூடியால் மூடுக. பின்னர் அடியில் துணி விரித்த பெரிய பானையிற் சாடிகளை நிறுத்தி, அவை மூழ்கும்படி வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவிடுக. நீர் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து கண்டியில் 10 நிமிடம். நுவரெலியாவிலுள்ள வாசகர்கள் 15 நிமிடம் வைக்க வேண்டும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள அவ்வூரில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும்; அந்தக் குறையைக் கூடுதல் நேரம் ஈடுசெய்கிறது. ஆறியபின் மூடியின் நடு உள்வாங்கியிருந்தால் அடைப்புச் சரி. வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் மாதக் கணக்கில் இருக்கும். முதன்முறை செய்பவர்கள் சில வாரங்களுக்குள் முடித்துவிடுவது நல்லது. திறந்ததைக் குளிரூட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளிற் குடித்துவிடுக.

"இதில் நுரை இல்லையே" என்று பிள்ளைகள் முகஞ் சுளிப்பார்களா? கிண்ணத்தில் இரு பங்கு சாறும் ஒரு பங்கு குளிர்ந்த வெறுஞ் சோடாவும் கலந்து கொடுங்கள். நொதித்தலுமில்லை, போத்தல் வெடிக்கும் அச்சமுமில்லை.

இரண்டாவது, இலேசாக நுரைக்கும் சைடர். மேற்சொன்ன தெளிந்த சாற்றில் ஒரு லீற்றர், கொதித்து ஆறிய நீர் ஒரு லீற்றர், சீனி 100 கிராம், இடித்த இஞ்சிச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, ஒரு தேசிக்காயின் புளி. எல்லாவற்றையும் கலந்து, தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு மதுவம் இடுக. இதனைச் சோடாப் பானம் வந்த பிளாஸ்ரிக் போத்தல்களில், நான்கு விரலிடை விட்டு நிரப்பி மூடுக. கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். ஏனெனில் பிளாஸ்ரிக் போத்தல் நம்மோடு பேசும். விரலால் அழுத்தினால் முதலில் நெகிழும். வாயு பிறக்கப் பிறக்க விறைக்கும். பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து அடிக்கடி அழுத்திப் பாருங்கள். கண்டியின் சூட்டில் ஒரு நாள், ஒன்றரை நாளிற் கல் போல் விறைத்துவிடும். அக்கணமே குளிரூட்டியில் வைத்துவிட வேண்டும். குளிர் மதுவத்தைக் கொல்லாது, உறங்க வைக்கும். ஆகவே ஐந்து நாளுக்குள் குடித்து முடிக்க வேண்டும். திறக்கும்போது முகத்துக்கு நேரே பிடியாமல், மூடியை மெல்ல மெல்லத் தளர்த்துக.

அந்த நிலையில் லீற்றருக்கு நூற்றுக்கு மேற்பட்ட கிராம் வெல்லத்திற் பன்னிரண்டு, பதினாறு கிராமே செலவாகியிருக்கும். ஆகவே பானம் இனிப்பாகவே இருக்கும். ஆயினும் ஏறத்தாழ ஒரு சத வீதத்தளவில் அற்ககோல் பிறந்திருக்கும் என்பதை மறைத்தல் நேர்மையன்று. சமய நெறியால் மதுவை முற்றாக விலக்குவோர், சிறு குழந்தைகள், கருவுற்றோர், இழுப்பு நோயாளர் ஆகியோருக்கு முதற்சொன்ன சைடரே உரியது. வந்த விருந்தினருக்கு இரண்டாவதைக் கொடுக்கும்போது, இது நொதித்தது என்று சொல்லிக் கொடுப்பதே பண்பு. நீரிழிவுள்ளோர் இரண்டையுமே அளவறிந்து பருக வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள். சாடியின் மூடி மேலே புடைத்திருந்தாலோ, சாற்றின் மேற் பூஞ்சணம் படர்ந்திருந்தாலோ, ருசி பாராமற் கொட்டிவிடுக. நுரைக்கும் சைடரை ஒருபோதும் மூடிய போத்தலோடு சூடாக்க வேண்டாம். மின்சாரம் தடைப்பட்டுக் குளிரூட்டி நின்றுவிட்டால், போத்தல்களின் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்றிவிடுக. சைடர் போனாற் போகட்டும்.

பாஸ்டரின் பெயரால் இன்று வழங்கும் சூடேற்றும் முறை 1860களில் வந்தது. அதற்கும் முன்பே, 1810 ஆம் ஆண்டில், நிக்கொலாஸ் அப்பேர் என்னும் பிரெஞ்சுக்காரர், உணவைப் போத்தலில் அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காக்கும் வழியை நூலாக வெளியிட்டார். மதுவத்தைப் பற்றிய பாஸ்டரின் விளக்கம் அப்போது பிறக்கவில்லை. கித்துள் முட்டியைக் கழுவி வெப்பங்காட்டும் நம் மலைநாட்டுத் தொழிலாளியும் அதனை எந்த நூலிலும் படித்தவரல்லர். தூய்மை, சூடு, தாமதமின்மை என்ற மூன்றையும் அனுபவம் அவருக்குக் கற்பித்திருக்கிறது. இரசாயனப் பொருள் செய்யும் வேலையை நாம் விலக்க வேண்டுமானால், அந்த வேலையை நம் கவனம் செய்ய வேண்டும். சும்மா விட்டு வைத்தால் இனிப்பு நிலைப்பதில்லை.

மகளே, தீபாவளிக்கு ஒரு கிழமை முன்னதாகவே முதலாவது முறையிற் செய்து வை. தங்கைக்குப் புதிதாக எதனையும் கொடுக்குமுன் வைத்தியரிடம் சொல்லிவிட்டு, முதல் நாள் ஒரு மிடறு மட்டும் கொடுத்துப் பார். பண்டிகைக்கு முன்பே இதனைச் செய்வது அதற்காகத்தான். அவளுக்கு ஒத்துக்கொண்டால், அன்று வீட்டார் அனைவருக்கும் அதே சாடியிலிருந்து ஊற்று. நுரைப்பது வேண்டும் என்று யாரேனும் கேட்டாற் சோடா கலந்துகொள்ளட்டும்.

என் அம்மாவுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க அன்று எவரும் இல்லை. சீனியை அன்பினால் அதிகம் போட்டார். அதைக் காப்பது எப்படி என்று அறியாதிருந்தார். உனக்கு இரண்டும் வாய்க்கட்டும்.